விருந்தினரின் அறம்

விருந்தினரைத் தெய்வமாகக் கருதும்படி கல்வி முடித்துச் செல்லும் மாணவனுக்குத் தைத்திரீய உபநிஷதம் கட்டளையிடுகிறது. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். இவை யாவும் வீட்டாரின் கடமையைக் கூறுவன. வந்தவரின் கடமை யாது? சுற்றுலா பெருந்தொழிலாகவும் பருவநிலை மாற்றம் கண்கூடாகவும் ஆகிவிட்ட இக்காலத்தில், இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

தமிழகத்திலிருந்து களியக்காவிளையைக் கடந்ததும் வருவது பாறசாலை. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது விளவங்கோடு தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் இவ்வெல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் இன்றும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசுகின்றன. அகத்திய மலையில் பிறக்கும் நெய்யாறு, இப்பகுதியின் வழியே ஓடிப் பூவாறில் கடலை அடைகிறது. அங்கே ஆற்றையும் கடலையும் பிரித்து நிற்பது ஒரு மணல்திட்டு மட்டுமே. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும். கோடையில் அலைகள் மணலைக் கொணர்ந்து மீண்டும் அடைக்கும். இதையே அவ்வூர் மக்கள் ‘பொழி’ என்பர். அலையாத்தி மரங்களினூடே படகில் செல்லவும், நீரில் மிதக்கும் குடில்களில் தங்கவும் பல திசைகளிலிருந்தும் பயணிகள் வருகின்றனர்.

பூவாறுக்குச் சற்றுத் தெற்கே, தமிழக எல்லையை ஒட்டியுள்ளது பொழியூர் என்னும் மீனவர் கிராமம். அங்கே காணும் காட்சி வேறு. கடல் அரிப்பால் வீடுகள் இடிந்துள்ளன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இக்கடற்கரை நெடுகிலும் பல குடும்பங்களின் உழைப்பாளிகளைக் கொண்டுசென்றது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது என்று ஐக்கிய நாடுகளின் பருவநிலைக் குழு 2021-இல் அறிவித்தது. கேரள அரசு 2019-இல் வகுத்த ‘புனர்கேஹம்’ திட்டம், அலையேற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் குடும்பங்கள் வேறிடம் செல்ல, நிலத்துக்கும் வீட்டுக்குமாக 10 லட்சம் ரூபாய் வழங்குகிறது. உதவிதான், ஆயினும் கரையில் நின்று கடலின் போக்கை அறிந்து தொழில் செய்பவருக்குக் கரையை விட்டு அகல்வது எளிதன்று.

மாறும் இயற்கைக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொள்வதே அறிவுடைமை என்பர். மிதக்கும் குடில் நீர் உயர்ந்தால் தானும் உயரும். மீனவரின் வீடு உயராது. இக்கரை அழிந்தால் பயணி வேறு கரையை நாடுவார். இங்கேயே பிறந்தவர் எங்கே செல்வார்? இருவரும் காண்பது ஒரே கடலை. இழப்பு மட்டும் ஒருவருடையது.

இம்முரண் இங்கு மட்டும் உள்ளதன்று. கனடாவின் வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் உறைவதை எதிர்பார்த்து அங்கே கூடும் பனிக்கரடிகளைக் காண ஆண்டுதோறும் பயணிகள் வருகின்றனர். பனி உறையும் காலம் சுருங்கிவருவதால், ‘மறைவதற்குள் பார்த்துவிட வேண்டும்’ என்ற ஆவலும் அவர்களைத் தூண்டுகிறது. ஆனால் தொலைதூரத்திலிருந்து அவர்களைச் சுமந்து வரும் விமானங்களின் புகையும் அப்பனி உருகுவதற்குத் துணைபோகிறது. அன்பு கொண்டு காண வந்த பொருளையே அறியாமல் அழிப்பது எத்தகைய அன்பு?

அப்படியானால் பயணமே கூடாதா? அம்முடிவும் அறமாகாது. பூவாறில் படகோட்டும் தொழிலாளியின் அடுப்பு பயணிகளால்தான் எரிகிறது. 2008-இல் கேரளம் குமரகத்தில் பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கியபோது, குடும்பஸ்ரீ மகளிர் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் வாங்கின. வருபவரால் ஊரும் வாழ முடியும் என்பதற்கு அது சான்று. ஆகவே கேள்வி, போகலாமா என்பதன்று. எத்தகைய மனத்துடன் போவது என்பதே.

பெற்றதற்குக் கைம்மாறு செய்யாமல் அனுபவிப்பவனைக் கள்வன் என்கிறது கீதையின் மூன்றாம் அத்தியாயம். தீர்த்த யாத்திரை செல்வோர் விரதம் பூண்டு தேவைகளைச் சுருக்கிக்கொண்டது இவ்வுணர்வினால்தான். இதே நெய்யாற்றின் கரையில், அருவிப்புறத்தில், 1888-இல் ஸ்ரீ நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அவர் எடுத்தது ஒரு கல். தந்தது, கோயில் வாசலில் தடுக்கப்பட்ட எண்ணற்றோருக்கு வழிபடும் உரிமை. குறைவாகக் கொள்ளுதல், நிறைவாகத் தருதல் என்பதே பயணியின் இலக்கணம்.

நடைமுறையில் இது கடினமன்று. கடலை ஒட்டியே அறை வேண்டும் என்ற பிடிவாதத்தை விடலாம். அலையாத்தி மரங்களுக்கும் மணல்திட்டுக்கும் ஊறு செய்யாத படகையும் விடுதியையும் தேர்ந்தெடுக்கலாம். செலவிடும் பணம் அவ்வூராரின் கையைச் சேர்கிறதா என்று வினவலாம். அடிக்கடி பறந்து செல்வதைக் குறைத்து, அருகில் உள்ளதை ஆழ்ந்து காணலாம்.

ஊர்களும் அரசுகளும் இவ்வறத்துக்கு விலக்கல்ல. ஓரிடத்தில் கல் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்தால், கரையோரம் நகரும் மணல் அங்கே தங்கிவிடும். அடுத்த ஊரின் கரை மணலின்றி மெலியும். பொழியூருக்கு அடுத்தது தமிழகத்தின் நீரோடி. அவற்றுக்கிடையே உள்ள கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. கடல் அதை அறியாது. தன் வீட்டைக் காக்க அயலார் வீட்டைப் பலியிடுவது காப்பு ஆகாது.

பூமியில் மனிதன் நிரந்தரக் குடியிருப்பாளன் அல்லன். சில காலம் தங்கிச் செல்லும் விருந்தினனே. விடைபெறும்போது வீட்டாரின் அடுப்பும் கூரையும் தான் வந்தபோது இருந்தபடியேனும் இருக்கின்றனவா என்று திரும்பிப் பார்ப்பவனே நல்ல விருந்தினன்.