கடைசியாகத் தொட்டவன்

2018 ஜனவரி 5, குவைத்தில் வளைகுடாக் கோப்பை இறுதிப் போட்டி. ஷார்ஜா டீக்கடையொன்றில் நின்று பார்த்தேன். ஆட்டம் முடியும் தறுவாயில் அமீரகத்துக்குப் பெனால்டி. உமர் அப்துல்ரஹ்மான் அடித்ததை ஓமன் கோல்கீப்பர் ஃபாயிஸ் அல் ருஷைதி தடுத்தார். கூடுதல் நேரமும் கோலின்றிக் கழிந்தது. ஷூட் அவுட்டில் மறுபடி உமர், மறுபடி தடுப்பு. 5-4, கோப்பை ஓமனுக்கு.

“அவன் ஒருத்தனாலதான்” என்றது கடை. நானும்தான். அந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களில் அமீரகம் போட்டதே ஒரு கோல், அதுவும் பெனால்டி. அதற்கு யாரிடம் கணக்குக் கேட்பது? கடைசியாகத் தொட்டவன்தான் காரணமா?

முந்தைய ஆண்டு எங்கள் அலுவலகத்தில் சர்வர் விழுந்தபோது, கடைசிக் கட்டளையைத் தட்டிய பையனுக்கு விசா கேன்சல். சோதிக்காமலே ஒப்புதல் தந்த மின்னஞ்சல் என்னுடையது. யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.