வகுத்தலும் வாழ்தலும்

பொருள்களை இனம்பிரித்து அடுக்குதல் கடைச் சிப்பந்தியின் வேலை. அறவியலுக்கு அதில் என்ன இடம் என்று சிலர் வினவலாம். அடுக்குபவனுக்கும் தேடுபவனுக்கும் இடையேயுள்ள உறவு நியாயமானதா என்பதே அங்கு மறைந்திருக்கும் அறவியற் பிரச்சினை. சிறியதோர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம்.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்வோர் ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, ஒரு கதையைக் கூட்டாக நடத்திச் செல்வது அதன் இயல்பு. பயணம் புறப்படுமுன் வாள், விளக்கு, கயிறு, கூடாரம் முதலியவற்றை ஒவ்வொருவரும் விலைப்பட்டியலிலிருந்து தெரிந்தெடுக்க வேண்டும். இத்தகைய ஆட்டங்களுக்குரிய உபகரணப் பட்டியல்கள் இன்று இணையத்திலும் உள்ளன. அவற்றை வகுப்போர் முன் எளிய கேள்வியொன்று எழுகின்றது: கயிற்றை எங்கே வைப்பது? அது மலையேறுவோன் கருவியா? சுமை கட்டும் பொருளா? பகைவனைப் பிணிக்கும் படைக்கலமா? மூன்றும்தான். ஒரு பெட்டியில் மட்டும் அதை வைத்தால், ஏனைய இரு வழிகளில் வருவோர் வெறுங்கையுடன் திரும்புவர். ‘இப்பள்ளத்தைக் கடக்க என்ன உண்டு?’ என்று தேடுபவன் கேட்கிறான். ‘இச்சரக்கு எந்த அறைக்கு உரியது?’ என்பதற்கே பட்டியல் விடை வைத்திருக்கிறது. அது கடைக்காரனின் வசதிக்காக எழுந்த பட்டியல்.

கடைக்காரனின் வசதி மட்டுமன்று, அவனது உலக நோக்கும் அடுக்குமுறையில் குடியேறிவிடும். மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையே இதற்குச் சான்று. சமயத்துக்கென ஒதுக்கிய 200 முதல் 299 வரையான எண்களுள் மிகப் பெரும் பகுதியைக் கிறிஸ்தவமே பெற்றது. பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம் முதலிய யாவும் 290 என்ற கடைசித் தட்டில் ‘ஏனையவை’யாக ஒடுங்கின. எவரையும் இழிவுபடுத்தும் ஒரு சொல்கூட அங்கில்லை. எண்களின் பங்கீடே அவ்வேலையைச் செய்துவிட்டது.

இப்பெட்டி முறைக்கு மாற்றுக் கண்டவர், சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றிருந்தபோது, ஒரு கடையில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றையே வெவ்வேறு விதமாய்ப் பூட்டினால் பாலமும் ஆகும், வண்டியும் ஆகும். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பு முறைக்கு அக்காட்சி தூண்டுகோலாயிற்று. ஆயத்தப் பெட்டிகளில் நூலைத் திணியாது, நூலை நோக்கி வினாக்களைத் தொடுப்பது அவர் முறை. ஆள்மை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று அவ்வினாக்களைப் பின்னர் ஐந்தாக அவர் ஒழுங்குபடுத்தினார். இன்று இணையக் கடைகளில் விலை, அளவு, பயன் என்று பலவாறு சலித்துத் தேட முடிகின்றதே, அதுவும் இதே தத்துவத்தின் வழிப்பட்டதாகும்.

தமிழ் பயின்றோர்க்கு இது முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியரின் கருப்பொருட் பாகுபாட்டை நோக்குக. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் என வினாக்கள் முன்னே நிற்கின்றன. ஒவ்வொரு நிலமும் அவற்றுக்குத் தன் விடையைத் தருகின்றது. அதனினும் சிறப்புடையது மற்றொன்று. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்து மயங்குதலை அவர் குற்றமெனத் தள்ளவில்லை; இலக்கணத்துக்குள்ளேயே அதற்கு இடம் தந்தார். வாழ்வு வகுப்பினும் அகன்றது என்பதை வகுத்தவரே அறிந்திருந்தார்.

பாகுபாடே தீது என்று நாம் கூறவில்லை. பாகுபாடின்றி நூலகமும் இல்லை, மருந்தகமும் இல்லை. பெயரிட்டுப் பிரிக்காத துயருக்கு நிவாரணமும் கிடையாது. நாம் கேட்பது, வகுப்பு யாருடைய தேவையிலிருந்து பிறந்தது என்பதே. பொருளின் இடத்தில் மனிதன் நிற்கும்போது இக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாகின்றது.

மலையக மக்களின் வரலாறே அதற்குச் சாட்சி. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ தனி வகுப்பாகக் கணக்கிடப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. சரக்குகளைப் பிரிப்பதுபோலவே மனிதரைப் பிரித்தனர். இன்றும் புள்ளிவிவர ஏடுகளில் நாடு நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகின்றது. முதலிரண்டும் மனிதர் வாழும் இடத்தின் பெயர்கள். மூன்றாவதோ அவர்கள் உழைக்கும் உடைமையின் பெயர். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புக்குச் சபை நிதியைச் செலவிடவும் சட்டம் தடையாக நின்றது.

கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணைச் சரித்தது மழையே; ஒரு பட்டியல் மலையைச் சரிக்காது. ஆயினும் எச்சரிக்கை பிறந்தும் மக்கள் ஏன் அச்சரிவிலேயே கிடந்தனர்? நிலம் அவர்களுடையதன்று, குடியிருந்த லயமும் அவர்களுடையதன்று. ‘தோட்டம்’ என்ற ஒரே பெட்டி, அவர்கள் யாருக்கு உழைக்கின்றனர் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னது. ரங்கநாதனின் வினாக்களை அந்த லயத்தை நோக்கித் தொடுத்துப் பாருங்கள். யார் வாழ்கின்றனர்? எத்தனை குழந்தைகள்? எத்தகைய சரிவில்? எந்த மாதத்தில் மழை மிகும்? வெளியேறினால் செல்ல நிலம் உண்டா? இவற்றுள் பலவற்றுக்கு விடை தனித்தனி ஏடுகளில் இருந்தது. அவற்றை ஒருங்கே வைத்து, அம்மனிதர் பக்கம் நின்று கேட்கும் கடமையை ஏற்பார்தாம் இல்லை.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு வேலை உண்டு. வகுப்பறைப் பெயர்ப்பதிவேடாயினும், நூலக அட்டவணையாயினும், நிவாரணப் பட்டியலாயினும், கையிலெடுத்தவுடன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். இதை வகுத்தவர் யார்? யாருடைய தேவைக்காக வகுத்தார்? ‘ஏனையவை’ என்ற தட்டில் யார் கிடக்கின்றனர்? கயிறு தவறான பெட்டியில் கிடந்தால் ஆட்டத்தில் ஒரு கற்பனை வீரன் பள்ளத்தில் விழுவான், மீண்டும் ஆடலாம். மீரியபெத்தயில் புதையுண்டோர்க்கு மறு ஆட்டம் இல்லை. உவாவின் சரிவுகளில் இன்றும் லயங்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் ஒக்டோபர் வருகின்றது. இக்கேள்விகளை மழைக்கு முன்னே கேட்போம்.