செக்ரோலில் இல்லாதவர்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம் செடெனாக் தோட்டத்து இடுகாட்டில் லாலாங் வெட்டப் போவோம். பாட்டியின் கல்லில் பெயர் இருக்கிறது. பக்கத்தில் பலருக்கு வெறும் மண்மேடுதான். பெயர்போனவர்கள் யாரும் இங்கே கிடையாது.

பாட்டியின் அண்ணனுக்கு மேடுகூட இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. பாட்டி இருந்தவரை படையலில் அவருக்கும் ஓர் இலை போடும்.

அதற்காகத்தான் காஞ்சனபுரி போனேன். அங்குள்ள போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7000 கைதிகள். கற்கள் எல்லாம் ஒரே மாதிரி. பதவி, இனம், மதம் பார்க்கக்கூடாது என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்றெல்லாம் இல்லை. எனக்கு அது ரொம்பப் பிடித்தது, முதல் பத்து நிமிஷம்.

அந்த 415 கிலோமீட்டர் பாதையில் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பல்லாயிரம். செத்தவர்களிலும் அவர்கள்தான் கைதிகளைவிடப் பல மடங்கு. ஆனால் எந்த ராணுவத்தின் பட்டியலிலும் இல்லாத கூலிகளுக்கு அந்த வரிசைகளில் இடமில்லை. சமத்துவம் உண்மைதான், யாருக்கெல்லாம் என்பதை ஏதோ ஒரு செக்ரோல் முன்பே முடிவு செய்துவிட்டது.

2023இல் காஞ்சனபுரியில் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் அவர்களுக்காக நடுகல் வைத்தார்கள். எண்பது வருஷம் கழித்தாவது வந்ததே! ஆனாலும் ஒரு நெருடல். நடுகல் மாடு மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு ஊர் வைப்பது. இவர்கள் உயிரைக் கொடுக்கவில்லை, பிடுங்கப்பட்டது. ‘தியாகம்’ என்று சொன்னால் பிடுங்கியவன் தப்பித்துவிடுகிறான்.

பெயரே தெரியாதவரை நினைக்க முடியுமா? நான் டேட்டா சென்டரில் வேலை செய்கிறவன். ஒரே கோப்பை மூன்று இடத்தில் வைத்துக் காப்பதுதான் பிழைப்பு. பதிவு இல்லையென்றால் ஆளே இல்லை என்று பழகிய புத்தி. நினைவுக்கு முகமும் பெயரும் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கடனுக்கு வேண்டாம். யாரிடம் திருப்பித் தரணும்னு தெரியலைங்கறதால கடன் தீர்ந்துடாது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் அவர் பெயரைக் கேட்டேன்.

“தெரியலைடா. பாட்டி ‘அண்ணே’ன்னுதான் சொல்லும்.”

இந்த வருஷம் பாட்டியின் கல்லைச் சுற்றி வெட்டி முடித்ததும் பக்கத்து மேடுகளிலும் லாலாங் வெட்டினேன். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆனது. அம்மா குடை பிடித்தபடி காத்திருந்தார்.