கயிறு எங்கே பூந்து எங்கே வருது



இன்று மே 1, தொழிலாளரான புனித சூசையப்பரின் நினைவுநாள். 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஏற்படுத்தியது. இரும்பு மார்க்கெட்டில் இன்று லோடு இறக்குவதில்லை. அதனால்தான் காலைப் பூசையில் இத்தனை ஆம்பளைகளைப் பார்க்க முடிகிறது. சந்தோஷம்.

நற்செய்தியில் நாசரேத்து ஊர்க்காரர்கள் இயேசுவைப் பார்த்து, இவர் தச்சர் வீட்டுப் பிள்ளைதானே என்று கேட்கிறார்கள். மத்தேயு 13ஆம் அதிகாரம். அந்த ஊரில் எத்தனை வீட்டுக் கதவு சூசையப்பர் இழைத்ததோ, யாருக்குத் தெரியும்? அவர் செய்த கதவைத் திறந்து வெளியே வந்து, அவர் தொழிலைச் சொல்லியே அவர் மகனை மட்டம் தட்டுகிறார்கள். எனக்கு இந்தப் பகுதியில் உறுத்துவது அதுதான்.

சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு யார்டில் ராத்திரிக் காவலுக்கு இருக்கிறார் ஒரு பெரியவர். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். கம்பி ஏற்ற வரும் டிரைவர்களுக்கு அவர் வாட்ச்மேன். ஆனால் எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்தில் அவர் கட்டுமரம் செய்தவர். கேரளாவிலிருந்து வரும் அல்பீசியா மரத்தை வாச்சியால் செதுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் கட்டுகிற வேலை. ஓர் ஆணி கிடையாது. மரங்களுக்கு நடுவில் இடுக்கு இருப்பதால் மேலே ஏறுகிற அலை அப்படியே கீழே வழிந்துவிடும். தண்ணீர் தங்கினால்தானே முழுகுவதற்கு? கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். மறுபடி கட்டத் தெரிந்தவனுக்குத்தான் அது மரம். தெரியாதவனுக்கு வெறும் விறகு.

நம் இளைஞர் குழுப் பையன் ஒருவன் கேமராவோடு அவரைத் தேடிப் போனான். நானும் கூடப் போனேன். குப்பத்துக் கரையில் பழைய மரங்கள் கொஞ்சம் கிடந்தன. பெரியவர் குந்தி உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார். பையன் அவர் முகத்துக்குக் கிட்டே போய், சுருக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல வெளிச்சம், நல்ல முகம், யாரும் அதைத்தான் எடுப்பார்கள். பெரியவர் கையை நிறுத்திவிட்டார்.

"மூஞ்ச எதுக்குப்பா எடுக்குற? கயித்தப் புடி. இந்தாண்ட வந்து நில்லு. கயிறு எங்க பூந்து எங்க வருதுன்னு பாக்குறவனுக்குத் தெரியணும்."

அவன் இடம் மாறி நின்றான். அவர் கட்டியதை அவிழ்த்துத் திரும்பவும் முதலிலிருந்து கட்டினார், மெதுவாக.

விடுதலைப் பயண நூலில் சந்திப்புக் கூடாரத்துக்கு அளவு சொல்கிற அதிகாரங்கள் வரும். வீட்டில் பைபிள் வாசிக்கும்போது நாம் தாண்டிப் போகிற பக்கங்கள். ஒரு திரைக்கு 50 வளையம், அவற்றை இணைக்க 50 கொக்கி என்று ஆண்டவர் எண்ணிச் சொல்கிறார். எந்த வளையத்துக்கு எதிரே எந்த வளையம் என்பதுவரை அவருக்கு அக்கறை. பிறகு 31ஆம் அதிகாரத்தில் பெட்சலேல் என்ற கைவினைஞனைப் பேர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் அவனை நிரப்பியதாகச் சொல்கிறார். எதற்கு? மரம் செதுக்க, கல் பதிக்க. அரசனும் இல்லை, இறைவாக்கினனும் இல்லை, கைவேலைக்காரன். பெரியவர் கயிற்றைக் காட்டச் சொன்னபோது எனக்கு அந்தப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஒரு கைவேலை மறைந்துபோவது இந்தக் கரைக்கு முதல் முறை இல்லை. ராயபுரத்துப் புனித ராயப்பர் கோயில் படகோட்டிகள் கட்டியது. அவர்கள் காலத்தில் கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகில்தான் ஆட்களும் சரக்கும் கரை சேரவேண்டும். அதுவும் ஆணியில்லாமல் பலகையைக் கயிற்றால் தைத்தது. அலை தூக்கி மணலில் அடித்தாலும் வளைந்து கொடுக்கும். துறைமுகம் எழுந்தது, தைத்தவர்கள் போனார்கள். கட்டுமரத்துக்குப் பதில் பைபர் போட்டும் மோட்டாரும் வந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஏராளமான பைபர் போட்டுகள் கரைக்கு வந்து இறங்கின. அதை நான் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் வைத்த போட்டில் நம் பிள்ளைகள் தூரம் போகிறார்கள், தோள் தேயத் துடுப்புப் போடுவதில்லை. கட்டுமரம் திரும்பி வரவேண்டும் என்று ஏசி அறையில் உட்கார்ந்து ஏங்குபவர்கள் ஒரு நாள் அதில் போய்ப் பார்க்கட்டும்.

ஆனால் பரிதாபப்பட்டுப் படம் எடுப்பது வேறு, தெரிந்துகொள்ள எடுப்பது வேறு. பழனிக்குமார் என்ற புகைப்படக்காரர் வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா பழக்கி, அவர்கள் எடுத்த படங்களைக் கண்காட்சியாக வைத்தார். அவரே மீன் விற்ற தாயின் பிள்ளை. அம்மா அப்பாவின் வேலையைப் பிள்ளையே படம் எடுக்கும்போது எங்கே நிற்கவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

நம் பையன் எடுத்த படங்கள் கோயில் வராண்டாவில் இருக்கின்றன. வரிசையாகப் பார்த்தால் கட்டு முழுதும் புரியும். முகம் ஒரே படத்தில்தான் இருக்கிறது, கீழே பேர் எழுதியிருக்கிறோம். பெரியவரும் இங்கேதான் இருக்கிறார், கடைசி பெஞ்சில். சந்தேகம் இருந்தால் அவரிடமே கேளுங்கள், பிள்ளைகளே. ராத்திரி டூட்டி முடித்து நேரே பூசைக்கு வந்தவர், அதனால் ரொம்ப நேரம் பிடித்துவைக்காதீர்கள்.

காணிக்கைப் பவனியில் இன்று அப்பம், ரசத்தோடு உங்கள் கருவிகளும் வரட்டும். வாச்சி, வலை ஊசி, கேஸ் கட்டர், லோடு இழுக்கிற கொக்கி, எதுவானாலும். துடைத்துக்கொண்டு வரவேண்டியதில்லை.