பேரீச்சம்பழத்தின் விலை

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" இந்தக் கூவலைத் தெருவில் நேராகக் கேட்டது பெரும்பாலும் நம் அப்பா அம்மா தலைமுறையாக இருக்கும். நமக்கு அது சினிமா காமெடி வழியாகவும், ஓட்டை பைக் வைத்திருக்கும் நண்பனைக் கிண்டலடிக்கும் வழியாகவும்தான் வந்து சேர்ந்தது. "பேசாம பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுடா." அந்த வியாபாரத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நசுங்கிய சொம்பு போகும், ஒரு பொட்டலம் பழம் வரும். சொம்பு அப்புறம் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் பெரிதாக இல்லை. உருக்கினால் இன்னொரு சொம்பு, அவ்வளவுதான்.

செல்போனை அப்படி உருக்கிவிட முடியாது. அதன் சர்க்யூட் போர்டில் செம்பு, வெள்ளி, துளியூண்டு தங்கம், கண்ணாடி இழை, தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்கள், பழைய மாடல் என்றால் பற்றவைத்த காரீயம் என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. விலையுள்ளதும் விஷமும் ஒரே பலகையில். இரண்டையும் பிரிக்க வேண்டும், அதுதான் வேலையே. 'மறுசுழற்சி' என்ற சொல்லின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஏதோ சக்கரம் தானாகச் சுற்றுவது போன்ற பிரமையை அது தருகிறது. சுற்றுகிற கை யாருடையது என்று அந்தச் சொல்லில் தெரிவதில்லை.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தைப் 'பித்தளை நகரம்' என்பார்கள். உலோகத்தைத் தொட்டாலே தரம் சொல்லிவிடும் கைகள் தலைமுறைகளாக அங்கே உண்டு. டெல்லியின் சீலம்பூர் போன்ற சந்தைகளில் உடைக்கப்பட்ட கருவிகளின் போர்டுகள் அந்தக் கைகளைத்தான் தேடிப் போயின. போர்டைச் சூடாக்கிச் சில்லுகளைப் பிடுங்க வேண்டும். மிச்சத்தை எரிக்க வேண்டும், இல்லையென்றால் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். எரிந்த சாம்பலை ராம்கங்கா ஆற்றங்கரையில் சலித்து, கழுவி, செம்புத் துகளைப் பொறுக்க வேண்டும். இதில் நிறைய வீட்டுக்குள்ளேயே நடக்கும் வேலை. பெண்கள் உண்டு, குழந்தைகள் பக்கத்திலேயே விளையாடுவார்கள். பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் கிளம்பும். அது மண்ணில் இறங்கினால் லேசில் போகாது.

இதே வேலை சீனாவின் குய்யூ நகரில் பெரிய அளவில் நடந்தது. 2004இல் அங்கே 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒரு டெசிலிட்டருக்குச் சராசரி 15.3 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. இந்தத் தொழில் இல்லாத பக்கத்து ஊரில் 9.94. அமெரிக்காவில் இன்று 3.5ஐத் தொட்டாலே டாக்டர்கள் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்கள். குழந்தையின் மூளையில் காரீயம் செய்யும் சேதத்தைப் பிறகு மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடியாது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். பழைய போனுக்குக் காயலான் கடைக்காரர் 200 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசிடம் பதிவு செய்த மறுசுழற்சி நிறுவனம் 50 ரூபாய் தருகிறது, அல்லது ஒன்றுமே தருவதில்லை. நாம் என்ன நினைக்கிறோம்? "இவனுங்க ஏமாத்துறானுங்க, காயலான் கடைக்காரர் நியாயமானவர்." உண்மையில் அந்தக் கூடுதல் 150 ரூபாய் எங்கிருந்து வருகிறது? புகையை வடிகட்டும் இயந்திரம் இல்லை, அமிலத்தைச் சுத்திகரிக்கும் தொட்டி இல்லை, கையுறை இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. இப்படி மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு கைமாறிக் கைமாறி நம் சட்டைப்பைக்கு வந்திருக்கிறது. யாரோ ஒருவரின் நுரையீரலில் கழித்து நமக்குக் கூட்டிய கணக்கு இது. நாம் தெரியாமல் வாங்கிக்கொண்ட லாபம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். விலை வித்தியாசம் கண்ணெதிரே இருக்கிறது, ஏன் என்று நாம் கேட்பதில்லை.

அப்படியானால் நாம் குற்றவாளிகளா? இந்த இடத்தில் ஐரிஸ் மாரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி உதவுகிறார். குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பது அவர் வாதம். குற்றம் பின்னோக்கிப் பார்க்கும், யார் செய்தது என்று ஆளைத் தேடும். பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கும். கொத்தடிமை போல வேலை வாங்கும் ஆயத்த ஆடை ஆலைகளை உதாரணமாக வைத்து அவர் இதை எழுதினார். சட்டை வாங்கியவர் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் அந்த ஏற்பாடு அவரையும் சேர்த்துத்தான் ஓடுகிறது. ஓட்டத்தில் பங்கிருப்பதால் அதை மாற்றுவதிலும் பங்குண்டு. குற்றவுணர்ச்சியில் உழல்வதைவிட இது கடினமானது என்று நினைக்கிறேன். குற்றவுணர்ச்சி ஒரு ஸ்டேட்டஸ் போட்டால் தீர்ந்துவிடும்.

காயலான் கடைக்காரரை வில்லனாக்கினாலும் வேலை நடக்காது. கானாவின் அக்ராவில், உலகமெல்லாம் ஆவணப்படம் எடுத்த அக்பொக்புளோஷி குப்பைச் சந்தையை 2021 ஜூலையில் புல்டோசர் வைத்து இடித்தார்கள். எரிக்கும் வேலை நிற்கவில்லை, சுற்றியிருந்த குடியிருப்புகளுக்குள் சிதறிப்போனது. வீடு வீடாகப் போய்ப் பொருளைச் சேகரிக்கிற திறமை எந்தப் பதிவு பெற்ற நிறுவனத்துக்கும் கிடையாது, அது இவர்களுடையது. சேகரிப்பதும் பிரித்து அடுக்குவதும் இவர்கள் கையில் இருக்கட்டும், நெருப்பும் அமிலமும் மட்டும் ஆலைக்குப் போகட்டும் என்பதே எனக்கு ஓரளவு நியாயமாகப் படுகிறது. அதற்கு ஆலை இவர்களுக்கு நல்ல விலை தர வேண்டும்.

அந்தக் காசை யார் தருவது? மின்னணுப் பொருளைத் தயாரிப்பவரே அதன் முடிவுக்கும் பொறுப்பு என்று நம் நாட்டு விதிகள் சொல்கின்றன. 2022இல் திருத்திய விதிகளின்படி, மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக் கணக்குக் காட்டலாம். வீட்டு மின்னணுப் பொருட்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று 2024இல் அரசு நிர்ணயித்தது. அது அதிகம் என்று சில பெரிய நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. கிலோவுக்கு 22 ரூபாய். நாம் 150 ரூபாய்க்குப் பார்த்த அதே கணக்கை அவர்களும் பார்க்கிறார்கள், அளவுதான் பெரிது.

என் மேஜை டிராயரில் இரண்டு பழைய போன்கள் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும். உள்ளே இருக்கும் போட்டோக்களை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் பாதி, என்றைக்காவது உதவும் என்ற நப்பாசை பாதி. ஒன்றில் பேட்டரி மட்டும்தான் செத்திருக்கிறது. ரிச்சி தெருவில் மாற்றித் தருவார்கள், அதை அம்மாவிடம் கொடுக்கலாம். இன்னொன்று தேறாது. அதில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு, பதிவு பெற்ற இடத்தில் கொடுக்கப் போகிறேன். எவ்வளவு தருவீர்கள் என்று போன் செய்து கேட்டேன். "ஒண்ணும் வராது சார், எடுத்துக்கிறோம்" என்றார்கள்.