காக்கைக்கு முதல் பிடி

எங்கள் வீட்டுப் பூனைக்கு மயிலை என்று பெயர் வைத்தது அம்மா. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊரில் மாடுகளைச் செவலை, காரி, மயிலை என்று நிறத்தைக் கொண்டே கூப்பிட்டுப் பழகியவள். சாம்பல் பூத்த நிறத்தில் ஒரு குட்டி எங்கள் அருப்புக்கோட்டை வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து ஒண்டியபோது, தொழுவத்து மாட்டைக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டுவிட்டாள். அது ஆச்சு பதினைந்து வருஷம். மனுஷக் கணக்கில் எழுபதைத் தாண்டிய வயது. இப்போது மயிலைக்குச் சிறுநீரகம் பழுது.

முதலில் கண்ணில் பட்டது அவள் தண்ணீர் குடித்த விதம். அதுவரை அவள் தண்ணீர் குடித்துப் பார்த்ததே அபூர்வம். போன கோடையில் துவைக்கிற கல்லின் குழியில் நக்கினாள், வாளியில் எட்டிக் குடித்தாள், ராத்திரியில் எழுந்துபோய்க் குடித்தாள். சித்திரை வெயில்தானே, இந்த ஊரில் யாருக்குத்தான் தாகம் இல்லை என்று விட்டுவிட்டோம். ஒருநாள் தூக்கும்போது முதுகெலும்பு கோத்த மணிபோலக் கையில் தட்டுப்பட்டது. அன்றைக்குத்தான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன்.

பூனையின் முன்னோர் ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனைகள் என்று அந்த மருத்துவரம்மாதான் சொன்னார். தின்கிற இரையின் ஈரத்தைக் கொண்டே பெரும்பாலும் காலம் தள்ளிய உயிர். உடம்புக்குள் வந்த தண்ணீரில் ஒரு சொட்டையும் வீணாக்காமல் திரும்ப இழுத்துக்கொள்வது அதன் சிறுநீரகத்தின் சாமர்த்தியம். எனக்குக் குண்டாறு ஞாபகத்துக்கு வந்தது. ஆறு வற்றிய நாளில் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடத்தை நிறைப்பார்கள் எங்கள் பெண்கள். மயிலையின் உடம்புக்குள்ளும் ஒருத்தி பதினைந்து வருஷமாக அப்படி அள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது அவளால் முடியவில்லை. ரத்தப் பரிசோதனையில் நோய் தெரிகிறபோது சிறுநீரகத்தின் வேலையில் முக்கால்வாசி போயிருக்குமாம். அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. மிச்சமிருப்பதை நோகாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

"வீட்ல என்ன சார் குடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

நாங்கள் சாப்பிடுகிற எல்லாமே குடுப்போம்மா என்றேன், பெருமையாகத்தான். மீன்குழம்பு பிசைந்த சோறு, கருவாட்டுத் தலை, கறிக்குழம்பில் கிடக்கிற எலும்பு, ராத்திரி பால், சாயங்காலம் நான் கொறிக்கிற காராச்சேவில் இரண்டு துண்டு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. குழம்பில் என்ன இருக்கிறது, காராச்சேவில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு எங்கள் அடுப்பில் ஏறியதே இல்லை. வெந்த எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கருவாடோ உப்பிலேயே ஊறியது. முள்ளோடு தின்கிற நெத்திலியில் பாஸ்பரஸ் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் தேங்குவது அதுதான்.

பாலைப் பற்றிச் சொன்னதைத்தான் என்னால் உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பூனையையும் பாலையும் பிரித்து நினைக்க நமக்கு வராது. கம்பரே தம் காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிடத் துணிந்த பூனையாகத்தான் தம்மைச் சொல்லிக்கொண்டார். ஆனால் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை. நாக்கு கேட்கும், வயிறு தாங்காது. ராத்திரி பால் குடித்துவிட்டு விடிகாலையில் மயிலை வயிறு கழிந்ததை வயசான கோளாறு என்று நினைத்து எத்தனை நாள் துடைத்திருக்கிறேன்!

சிறுநீரக நோய்க்கென்று விற்கிற தீனியை மதுரையிலிருந்து வாங்கி வந்தேன். மயிலை முகர்ந்து பார்த்தாள். மண்ணை மூடுவதுபோலக் காலால் தரையைப் பிறாண்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒருநாள் போனது, மறுநாளும் அப்படியே. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"வாயில்லா ஜீவன்டா. சாகப் போறதுக்கு ஒரு வாய் குடுத்தா என்ன கொறஞ்சு போச்சு? பத்தியம் வச்சுக் கொல்லப் போறியா?"

அம்மாவுக்கும் பத்தியம்தான், சர்க்கரை நோய். எண்பது வயது. கருப்பட்டி மிட்டாய் என்றால் அவளுக்கு உயிர். அது வீட்டுக்குள் வந்து நாலு வருஷமாகிறது, நான்தான் நிறுத்தினேன். பூனைக்காகப் பேசியபோது அவள் பூனைக்காக மட்டும் பேசவில்லை. அது எனக்குப் புரிந்தது, பதில் வரவில்லை. வயதான ஓர் உயிரிடம் எதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு எதைக் கொடுக்கிறோம்? நாள் கொடுக்கிறோம் என்கிறோம். அந்த நாளுக்குள் என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் பிரியத்துக்கென்று தனி வார்த்தை கிடையாது. "சாப்பிட்டியா?" என்பதுதான் அந்த வார்த்தை. மழை பொய்த்த வருஷங்களில் கம்மங்கூழையும் பகிர்ந்து குடித்த ஊர். இங்கே ஒருவரின் தட்டை மறிப்பது அவரையே மறிப்பது போலத்தான்.

மருத்துவருக்குப் போன் செய்தேன். அம்மா பக்கம்தான் பாதி நியாயம் என்றார். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே உயிரை வாங்கிவிடும். "சரியான சாப்பாட்ட சாப்பிடாம கெடக்கிறதவிட, ஏதோ ஒண்ணு சாப்பிடுறது மேல் சார். ஆனா அந்த ஏதோ ஒண்ணு வெஷமா இருக்கக் கூடாது."

மறுநாள் காலையில் அம்மா சோறு வடித்து இறக்கினாள். தினமும் செய்வதுபோல யாரும் வாய் வைக்கும் முன்னால், குழம்பு ஊற்றும் முன்னால், வெறும் சோற்றில் ஒரு பிடி எடுத்து மதில்மேல் காக்கைக்கு வைத்தாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். காக்கைக்கு முதல் பிடி. பூனைக்கோ நாம் தின்று முடித்த தட்டின் கடைசி வழிப்பு. உப்பு, வெங்காயம், பூண்டு, எலும்பு என்று அவளைக் கொல்லக்கூடிய எல்லாமே அந்தக் கடைசி வழிப்பில்தான் இருந்தன. நாங்கள் குடுத்ததில் குற்றமில்லை. குடுத்த நேரம்தான் தப்பு.

அந்த முதல் பிடியோடு இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். திருச்சுழியில் குழந்தைக்கும் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. 1879 டிசம்பர் 30-ல் அங்கே பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி. திருமேனிநாதர் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப்போகும்போதெல்லாம் அவர் பிறந்த வீட்டிலும் சற்று உட்கார்ந்துவிட்டு வருவோம். அவர் விலங்குகளை 'அது' என்று சொல்லமாட்டாராம். அவன், அவள் என்றுதான் சொல்வாராம். பையன்கள் சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்டால் ஆசிரமத்து நாய்களைக் கேட்கிறார் என்று அர்த்தம். திருவண்ணாமலை ஆசிரமத்தில் சாப்பாட்டு வேளையில் முதலில் நாய்களுக்கு, பிறகு வந்து நிற்கும் ஏழைகளுக்கு, அதற்குப் பிறகே பக்தர்களுக்கு என்று ஒரு முறை இருந்தது. லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18-ல் இறப்பதற்கு முன், அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டிருந்தார். லட்சுமிக்கும் ஒரு மானுக்கும் ஒரு காக்கைக்கும் ஒரு நாய்க்கும் அங்கே சமாதி உண்டு. இதையெல்லாம் பக்திக் கதையாகத்தான் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். முதலில் அவர்களுக்கு என்ற அந்த வரிசை சமையல்கட்டில் இவ்வளவு வேலைக்கு ஆகும் என்று நினைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கினேன். மஞ்சளும் உப்பும் படும் முன்னால், எலும்பும் தோலும் இல்லாத நெஞ்சுக்கறியில் சின்னத் துண்டு ஒன்றைத் தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்தேன். மயிலை இப்போது மூன்று கிலோ இருப்பாள். நாளுக்கு ஏறத்தாழ 150 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாதிரி ஆசைத்தீனி போகக்கூடாது என்பது மருத்துவர் சொன்ன அளவு. கணக்குப் போட்டால் வெந்த கறி பத்து கிராம்கூட வராது. என் இரண்டு விரல் நுனி. அதைப் பிய்த்து, வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி விட்டு, நோய்த்தீனியின்மேல் போட்டு, கைச்சூட்டுக்கு ஆறவைத்துச் சிரட்டையில் வைத்தேன். வயதான பூனைக்கு மூக்கு மங்கிப்போகும்; இளஞ்சூட்டில்தான் வாசம் எழும். மயிலை எழுந்து வந்தாள். மேலே கிடந்த கறியைத் தின்று, அடியில் இருந்த தீனியிலும் பாதியைத் தின்றாள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

கறி எடுக்காத நாளில் அவித்த முட்டையின் வெள்ளைக்கரு பாதி. மஞ்சள்கருவில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் அது எனக்கு. ஈரல் கேட்டு அழுவாள், தருவதில்லை. கருப்பட்டி மிட்டாயை அந்தக் காலத்தில் அவள் நக்கியதை இனிப்பு ஆசை என்று நினைத்திருந்தோம். பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது என்று 2005-ல் மரபணு ஆராய்ச்சியில் காரணத்தோடு கண்டுபிடித்திருக்கிறார்கள். அவள் நக்கியது எண்ணெயைத்தான்.   

முன்பெல்லாம் நான் சாப்பிடும்போது மயிலை தட்டருகே வந்து முன்னங்காலால் என் தொடையைத் தொடுவாள். உடனே ஒரு துண்டை எறிந்துவிடுவேன். எறிந்ததும் மனசு நிறையும். அது யாருடைய நிறைவு என்று அப்போது கேட்டதில்லை. இப்போதும் வந்து தொடுகிறாள். அவளுடைய பங்கு ஏற்கெனவே அவள் வயிற்றில் இருப்பதால் என் கை தடுமாறுவதில்லை. இடது கையால் தலையை வருடுகிறேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் முழங்காலோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறாள். அவள் கேட்டு வந்தது எப்போதுமே துண்டுதான் என்று இனி என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அம்மாவின் விஷயத்திலும் அவளுடைய மருத்துவரைக் கேட்டேன். மாதத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டோடு, கருப்பட்டி மிட்டாயில் சுண்டுவிரல் நீளம் என்று ஒத்துக்கொண்டார். போன மாதம் பொட்டலத்தைப் பிரித்ததும், வேறு யாரும் எடுக்கும் முன்னால் அவளுடைய துண்டை ஒடித்துக் கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

நேற்று மயிலை கொஞ்சமாகத்தான் தின்றாள். சில நாள் அப்படித்தான். சிரட்டையில் மிஞ்சிய கறியை வெயிலில் கெட்டுப்போகும் முன் அம்மா எடுத்துக்கொண்டு போய் மதில்மேல் வைத்தாள். சோற்றுப் பிடியைத் தின்றுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்த காக்கை அதையும் கொத்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் பறந்தது. மயிலை படியில் படுத்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.