கேள்விக்குறி இல்லாத மலை

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் தாண்டியதும் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போடிமெட்டு, அதற்கு அப்பால் கேரளம். என் அம்மாச்சி இருபத்தாறு வருடம் அப்படிப் போய்வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என்னை வேதாகமம் வாசிக்கச் சொல்வாள். முக்கால்வாசி நாள் ஒரே சங்கீதம்தான், 121.

"அந்த மலைப் பாட்ட வாசிய்யா."

எங்கள் வீட்டில் இருந்தது பழைய மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் தலைமையிலான குழு செய்து 1871இல் வெளிவந்தது. இன்றும் தமிழ்நாட்டு சபைகளில் பெரும்பாலும் ஒலிப்பது அதுதான். அதில் இந்தச் சங்கீதத்தின் முதல் வரியை வாசித்தால், உதவி மலைகளிலிருந்து வருகிறது, அதனால் பாடுகிறவன் மலைகளைப் பார்க்கிறான் என்றுதான் பொருள் கிடைக்கும். மலைக்கு அங்கே 'பர்வதம்' என்று சொல். உதவிக்கு 'ஒத்தாசை'. பர்வதம் அம்மாச்சிக்குக் கோயில் சொல். ஒத்தாசை வீட்டுச் சொல். பானையை இறக்கி வைக்க ஆள் வேண்டுமென்றால் "ஒரு ஒத்தாசைக்கு வாடா" என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுக்கு அந்த வரியில் விளக்க எதுவும் இல்லை. சம்பளம் மலையிலிருந்து வந்தது. அரிசி, என் அம்மாவின் கல்யாணம், என் பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் மலையிலிருந்து வந்தவை. தாத்தாவை எடுத்துக்கொண்டதும் அதே மலைதான். ஒரு மழைநாளில் அவர் போன ஜீப் வளைவில் உருண்டது. அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் அம்மாச்சி மறுபடி ஜீப் ஏறினாள்.

இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல் நண்பன் ஒருவனிடம் திருவிவிலியத்தைப் பார்த்தேன். கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து செய்த 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. 121ஐத் திருப்பினால் முதல் வரியிலேயே கேள்விக்குறி. மலைகளைப் பார்க்கிறான், பார்த்துவிட்டு, எனக்கு உதவி எங்கிருந்து வரும் என்று கேட்கிறான். வானத்தையும் பூமியையும் படைத்தவரிடமிருந்து என்று அடுத்த வரியில் பதில்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அம்மாச்சியிடம் சொன்னேன். யாரும் பிடிக்காத பிழையைப் பிடித்துவிட்ட குஷி எனக்கு.

"மலையில இருந்து ஒத்தாசை வரும்னு அதுல இல்ல அம்மாச்சி. அது கேள்வி. எங்க இருந்து வரும்னு கேக்குறான்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இத்தன வருசமா நீ தப்பா வாசிச்சியா?" என்றாள்.

நான் இல்லை, மொழிபெயர்த்தவர்கள் என்றேன். அந்த விடுமுறை முழுக்க அவள் மலைப் பாட்டைக் கேட்கவில்லை.

அறிவுக்கணக்கில் நான் சொன்னது சரிதான். எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் 'மேஅயின்', 'எங்கிருந்து'. எபிரேயத்தில் கேள்விக்குறி கிடையாது. ஆனால் அந்தச் சொல்லே கேள்விச் சொல். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் கேள்விச் சொல்லைத்தான் போட்டது. ஜெரோமின் லத்தீனில் வரும் 'உன்தே' இரண்டு பக்கமும் சாயும்: 'எங்கிருந்து?' என்றும் கொள்ளலாம், 'எதிலிருந்தோ அந்த' என்றும் கொள்ளலாம். லூத்தரின் ஜெர்மனும் 1611இன் ஆங்கிலமும் இரண்டாவது பக்கம் சாய்ந்தன. 1871 தமிழும் அதே பக்கம்தான். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் கொஞ்சமாவது கேள்வியின் வாசனை மிஞ்சும். தமிழில் பெயரெச்சம் போட்டு 'வருகிற மலை' என்று எழுதிவிட்டால் கேள்வி சுத்தமாக மறைந்துவிடும்.

அந்த மலை எது என்பதிலும் அறிஞர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. 120 முதல் 134 வரையிலான பதினைந்து பாடல்களும் 'ஏறுதலின் பாடல்' என்ற தலைப்புக் கொண்டவை. எருசலேமுக்கு மலையேறிப் போன யாத்திரிகர்கள் பாடியவை என்பது பரவலான விளக்கம். அப்படியானால் மலை வழிப்பறிக்கும் கால் இடறலுக்கும் உரிய இடம். வேறு சிலர் அவற்றை அந்நிய தெய்வங்களின் மலைக்கோயில்கள் என்கிறார்கள். அங்கிருந்தா உதவி வரும் என்பது கேள்வியின் தொனி. யூத ஹசிதிய மரபில் மூன்றாவதாக ஒன்று உண்டு. 'அயின்' என்பதற்கு எபிரேயத்தில் 'இன்மை' என்றும் பொருள். ஆகவே, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எனக்கு உதவி வரும் என்று வாசிக்கிறார்கள். இலக்கண அறிஞர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் அந்த வாசிப்பைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் உண்டு.

இதற்கு நேர் எதிரான ஒரு சொல்லும் அதே பழைய வேதாகமத்தில் இருக்கிறது. சபையை மேற்பார்ப்பவருக்குக் கிரேக்கத்தில் 'எபிஸ்கொபோஸ்'. மேலிருந்து பார்ப்பவர் என்பது நேர்ப்பொருள். 1871 மொழிபெயர்ப்பு அதைக் 'கண்காணி' என்றது. அகராதிப்படி இதைவிடத் துல்லியமான சொல் கிடைக்காது. ஆனால் மலையில் கங்காணி என்றால் வேறு ஆள். யார் பிந்தி வந்தார், யாருக்கு அரைநாள் கூலி வெட்டு என்று முடிவு செய்பவர். பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தை வாசித்தபோது அம்மாச்சி கேட்டாள்: "அங்கயுமா கங்காணி?"

ஆக, இலக்கணப்படி பிழையான வரி அவள் மனதில் சரியாகப் பொருந்தியது. அகராதிப்படி சரியான சொல் அவளைத் திடுக்கிட வைத்தது. மொழிபெயர்ப்பு மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமா, வாசகருக்கா என்று சுலபமாகக் கேட்டுவிடுகிறோம். அந்த வாசகர் முந்தலைத் தாண்டி ஜீப்பில் போகிறவர் என்று வைத்துக்கொண்டால் கேள்வி கனக்கிறது.

எங்கள் தொழிலில் 'ஹைரம் விதி' என்று ஒன்று சொல்வார்கள். உங்கள் மென்பொருளைப் போதுமான பேர் பயன்படுத்தினால், நீங்கள் உத்தரவாதம் தராத நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பி எதையாவது கட்டியிருப்பார். நீங்கள் பிழையைத் திருத்தினால் அவர் கட்டியது உடையும். தமிழ் வேதாகமத்தின் வரலாறே இப்படித்தான். 1715இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டில் கடவுளின் பெயர் சர்வேசுரன். ஃபப்ரிசியுஸிடம் பராபரன். 1871இல் தேவன். 1995இல் கடவுள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அறிஞர்களிடம் காரணம் இருந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், தான் இதுவரை யாரை வேண்டினோம் என்று திகைத்திருப்பார்.

அதற்காகத் திருத்தாமல் இருக்க முடியுமா? முடியாது. ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் ஃபேபே என்ற பெண்ணைப் பவுல் 'தியாகொனோஸ்' என்கிறார். ஆண்களுக்கு வரும்போது சபைப் பதவியாக வாசிக்கப்படும் அதே சொல். பழைய தமிழில் அவள் 'ஊழியக்காரி'. பிலிப்பியரில் அதே சொல் 'உதவிக்காரர்' ஆகிறது. இங்கே பழக்கத்தைக் காப்பாற்றினால் பெண்களுக்கு இருந்திருக்கக்கூடிய ஒரு நாற்காலியை ஒளித்துவைக்கிறோம். யாருடைய உரிமையையாவது மறைக்கிற பிழையை, எத்தனை பேர் மனம் நொந்தாலும் திருத்தத்தான் வேண்டும். அம்மாச்சியின் மலை யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு இருபது வயதில் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னது தப்பில்லை. அவள் அந்த வரியை வைத்து என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்காமல் சொன்னதுதான் தப்பு.

கேட்டது பல வருடம் கழித்து. அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டிருந்தாள். மலைப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"இருக்கு. நீ கேள்வின்னு சொன்னியே, அதுவும் இருக்கு. காலையில ஏறும்போது நானும் அதத்தான்யா கேட்டுக்கிட்டே போவேன். ஒங்க தாத்தா போனதுக்கப்புறம் தெனமும். சாயங்காலம் எறங்கி வீட்டுக்கு வந்தாத்தான் பழைய பைபிள்ல உள்ள மாதிரி சொல்ல வரும்."

ஆய்வாளர்கள் இரண்டில் ஒன்றுதான் சரி என்பார்கள். மூல வரியைப் பொறுத்தவரை நானும் அதையே நம்புகிறேன். அவளோ ஒரே நாளின் இரண்டு முனைகளில் இரண்டையும் வைத்திருந்தாள். கேள்வி அவளுக்குப் புதிதே இல்லை. ராத்திரி என் வாயிலிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது பதில் மட்டும்தான்.

அவளுடைய அடக்க ஆராதனையில் போதகர் 121ஐ வாசித்தார், பழைய மொழிபெயர்ப்பில். கேள்விக்குறி இல்லை என்பது எனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். சாயங்காலம் ஆகியிருந்தது. ஜீப்புகள் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம்.